டெட் மார்க்கை வச்சு தமிழ், இங்கிலீஷ் டீச்சரை எடை போடுறப்ப நாம பண்ணுற தப்புகள்

2025 செப்டம்பர் 1-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்ததுல இருந்து எந்த ஸ்டாஃப் ரூமுக்குப் போனாலும் டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு பத்தின பேச்சுதான். ஒண்ணாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் பாடம் எடுக்குறவங்க, ஏற்கனவே வேலைல இருந்தாலும் சரி, ரிட்டயர்மென்ட்டுக்கு 5 வருஷத்துக்கு மேல பாக்கி இருந்தா 2 வருஷத்துக்குள்ள டெட் பாஸ் பண்ணியாகணும்னு சொல்லிட்டாங்க. அந்த தீர்ப்பு சரியா தப்பாங்கறதுக்குள்ள நான் போகல. ஆனா அதோட சேர்ந்து ஒரு பேச்சு ஊர் பூரா பரவிட்டு வருது, எனக்குக் கவலை அதைப் பத்திதான். டெட் பாஸ் பண்ணவங்க நல்ல டீச்சர், மார்க் கூட வாங்குனவங்க இன்னும் நல்ல டீச்சர், பாஸ் ஆகாதவங்க லாயக்கில்லன்னு ஹெச்.எம்.ல இருந்து பிரைவேட் ஸ்கூல் கரஸ்பாண்டென்ட் வரைக்கும், பேரண்ட்ஸ் வாட்ஸாப் குரூப்ல கூட, ரொம்ப சாதாரணமா பேசுறாங்க. கணக்கு, சயின்ஸுக்கே இது அரைகுறையாதான் பொருந்தும். புதுசா வேலைக்கு வர்ற தமிழ் டீச்சருக்கும் இங்கிலீஷ் டீச்சருக்கும் பொருந்தவே பொருந்தாது.

முதல் தப்பு, டெட்ல என்ன கேக்குறாங்கன்னே பாக்காம மார்க்கை மட்டும் பாக்குறது.

பேப்பர் 2-ஐ எடுத்துக்கோங்க, ஆறாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் எடுக்குற பட்டதாரி ஆசிரியர்களுக்கானது. மொத்தம் 150 கேள்வி, கேள்விக்கு ஒரு மார்க், எல்லாமே நாலு விடைல ஒண்ணை தேர்ந்தெடுக்குற மாதிரி. குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, முதல் மொழி 30, இங்கிலீஷ் 30, மிச்சம் 60-க்கு கணக்கு-அறிவியல் இல்லன்னா சமூக அறிவியல். இப்ப பி.ஏ. தமிழ் பி.எட். முடிச்ச ஒரு பொண்ணு இதை எழுதுறாங்கன்னு வைங்க. அவங்களுக்குன்னு தனியா ஒரு தமிழ் பேப்பர் கிடையாது, கணக்கு-அறிவியல், சமூக அறிவியல் ரெண்டுல ஒண்ணை எடுத்தாகணும், பெரும்பாலும் சமூக அறிவியல்தான் எடுப்பாங்க. ஆக, தமிழ் சொல்லித்தரப் போற ஒருத்தரோட மார்க்ல தமிழுக்கு இருக்கிற பங்கு அஞ்சுல ஒண்ணு, வரலாறு புவியியலுக்கு அஞ்சுல ரெண்டு. இங்கிலீஷ் டீச்சருக்கும் இதே கதைதான்.

இன்னொரு விஷயம், பாஸ் மார்க் மொத்தத்துக்குதான், பகுதிக்கு இவ்வளவுன்னு தனியா கிடையாது. பொதுப் பிரிவுக்கு 60 சதவீதம், அதாவது 90 வேணும் (இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு இதை விடக் குறைவு). தமிழ் பகுதில ஒரு மார்க் கூட எடுக்காம, மிச்ச 120-ல 90 எடுத்தா கணக்குப்படி பாஸ். தமிழ்ல முப்பதுக்கு முப்பது எடுத்துட்டு சமூக அறிவியல்ல கோட்டை விட்டா ஃபெயில். முட்டை மார்க் யாரும் வாங்கப் போறதில்ல, அது எனக்கும் தெரியும். ஆனா ஒருத்தர் 98-ங்கிறாரு, இன்னொருத்தர் 91-ங்கிறாரு, அந்த 7 மார்க் வித்தியாசம் தமிழ்ல வந்ததா, நதி எங்க உற்பத்தியாகுதுங்குறதுல வந்ததான்னு மொத்த மார்க்கை மட்டும் பாத்தா யாராலயும் சொல்ல முடியாது. இன்டர்வியூக்கு யாராவது வந்தா முதல்ல பகுதி வாரியான மார்க்கைக் கேளுங்க. அதைக் கூட கேக்காமதான் பாதிப் பேர் முடிவு பண்ணுறாங்க.

நியாயமா ஒண்ணு சொல்லணும். அரசுப் பள்ளிக்கு டெட் மட்டும் போதாது, 2018-ல வந்த அரசாணை 149-க்கு அப்புறம் டெட் பாஸ் பண்ணவங்க தனியா போட்டித் தேர்வு எழுதணும், அதுல தமிழுக்கு தமிழ் பாடத்துல இருந்தே கேள்வி வரும். அதனால பாட அறிவு கொஞ்சம் ஆழமாவே சோதிக்கப்படுது, ஒத்துக்குறேன். ஆனா அதுவும் ஓ.எம்.ஆர். ஷீட்தான், வட்டத்தைக் கருப்பாக்குறதுதான்.

ரெண்டாவது தப்பு, 89-க்கும் 90-க்கும் நடுவுல மதில் சுவர் இருக்குற மாதிரி நினைக்கிறது.

இதுக்கு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க. நெகட்டிவ் மார்க் கிடையாது. ஒருத்தருக்கு 150-ல 70 கேள்விக்கு உறுதியா விடை தெரியும்னு வைங்க, மிச்ச 80-க்கும் கண்ணை மூடிட்டு ஷேட் பண்ணுறாரு. நாலுல ஒண்ணு சரியாகும்ங்குற கணக்குல சராசரியா 20 கிடைக்கும், 70-உம் 20-உம் 90, பாஸ். பாதிக்கும் குறைவாதான் தெரியும், ஆனா பாஸ். அதோட அந்த 20-ங்கிறது எல்லாருக்கும் சரியா 20-ஆ வராது, அதிர்ஷ்டத்தைப் பொறுத்து 16-உம் வரும் 24-உம் வரும். அப்ப ஒரே அளவு படிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தர் 86, இன்னொருத்தர் 94. இதுல ஒருத்தரை "தகுதி பெற்றவர்"னும் இன்னொருத்தரை "தகுதி இல்லாதவர்"னும் சொல்றோம். சட்டப்படி ஒரு கோடு போட்டுத்தான் ஆகணும், வேற வழி இல்ல. ஆனா கோடு போட வசதியா இருக்குங்கறதுக்காக கோட்டுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இருக்குற ரெண்டு மனுஷங்களும் வேற வேற ரகம்னு நம்பிடக்கூடாது.

2012-ஐ மறந்துட்டோம். தமிழ்நாட்டுல முதல் டெட் ஜூலைல நடந்தப்ப 150 கேள்விக்கு ஒன்றரை மணி நேரம்தான் கொடுத்தாங்க, லட்சக்கணக்குல எழுதினதுல ஒரு சதவீதம் கூட பாஸ் ஆகல. அப்ப "நம்ம டீச்சர்களோட தரம் இதுதான்"னு பேசாத வாய் இல்ல. அப்புறம் அதே வருஷம் அக்டோபர்ல மறுதேர்வு வச்சு 3 மணி நேரம் கொடுத்தாங்க, ஜூலையை விட பல மடங்கு பேர் பாஸ் ஆனாங்க. கேள்வித்தாளும் வேற, படிக்க கூடுதலா கொஞ்ச நாளும் கிடைச்சுது, அதனால எல்லாத்தையும் நேரத்து மேல போட முடியாது. ஆனாலும் மூணு மாசத்துல தமிழ்நாட்டு டீச்சர்கள் இவ்வளவு திறமைசாலி ஆகிட்டாங்கன்னு யாராவது சொல்ல முடியுமா? தேர்வோட அமைப்பு மாறுச்சு, முடிவும் மாறுச்சு. அதுக்குப் பின்னாடி வெயிட்டேஜ்னு ஒண்ணு வந்துச்சு, பிளஸ் டூ மார்க், டிகிரி மார்க், பி.எட். மார்க் எல்லாத்தையும் டெட் மார்க்கோட சேத்து ரேங்க் போட்டாங்க. பிளஸ் டூல மார்க் அள்ளிப் போடாத காலத்துல படிச்சவங்க அதுல எப்படி அடிபட்டாங்கன்னு அந்த வயசுக்காரங்களைக் கேட்டா தெரியும். பாஸா ஃபெயிலான்னு வடிகட்டுறதுக்காக உண்டான தேர்வை வச்சு முதல் ரேங்க் ரெண்டாவது ரேங்க்னு வரிசைப்படுத்தினா அது தாங்காது.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன், மேல சொன்னதெல்லாம் எந்த டீச்சருக்கும் ஓரளவு பொருந்தும், இனி சொல்றது மொழி டீச்சருக்கு மட்டும்தான்.

கேக்குறது, பேசுறது, படிக்கிறது, எழுதுறது. ஒண்ணாம் வகுப்புல இருந்து இந்த நாலும்தான் மொழிப் பாடம்னு பி.எட்.ல சொல்லிக் கொடுக்குறோம், பாடத்திட்டத்துலயும் இருக்கு. ஆனா அந்த நாலையும் சொல்லித்தரப் போறவரை சோதிக்கிற தேர்வுல அவர் ஒரு வார்த்தை வாய் திறந்து பேச வேண்டியதில்ல, ஒரு வரி எழுத வேண்டியதில்ல, ஒருத்தர் பேசுறதைக் காது கொடுத்துக் கேக்க வேண்டியதில்ல. படிச்சு ஷேட் பண்ணினா போதும். நாலுல மூணு திறன் தேர்வு ஹாலுக்குள்ளயே வரல. இந்த ஒரு விஷயத்தை மட்டும் மேனேஜ்மென்ட்ல இருக்குறவங்க மனசுல வாங்கிக்கிட்டா பாதிப் பிரச்சனை தீரும்னு நான் நம்புறேன்.

ஒரு உதாரணத்தைக் கொஞ்சம் கிட்ட வச்சுப் பாப்போம். ஆறாம் வகுப்பு. டீச்சர் சொல்லச் சொல்ல எழுதுற பயிற்சி. "மழை பெய்ததால் பள்ளிக்கு விடுமுறை"ன்னு டீச்சர் சொல்றாங்க. ஒரு பையன் "மளை பெய்ததால் பல்லிக்கு விடுமுரை"ன்னு எழுதியிருக்கான். டெட்ல இதுக்கு சம்பந்தப்பட்ட கேள்வி வரலாம், எழுத்துகளோட பிறப்பிடம் பத்தி, ழகரம் பிறக்குறப்ப நாக்கு எங்க போகுதுன்னு நாலு விடை கொடுத்து. படிச்சவங்க எல்லாரும் சரியா ஷேட் பண்ணிடுவாங்க. வகுப்புல அந்த நோட்டு கையில இருக்குறப்ப என்ன பண்ணுவாங்க?

பெரும்பாலான புது டீச்சர்கள் மூணையும் சிவப்பு மைல சுழிச்சு, சரியான வார்த்தையை மேல எழுதி, பத்து தடவை எழுதிட்டு வான்னு அனுப்பிடுவாங்க. அவன் எழுதிட்டும் வருவான், அடுத்த வாரம் திரும்ப "மளை"ன்னு எழுதுவான். விஷயம் தெரிஞ்ச டீச்சர் பேனாவை மூடி வச்சுட்டு முதல்ல "இதைப் படிச்சுக் காட்டுப்பா"ன்னு கேப்பாங்க. அவன் வாயிலயே "மளை"ன்னு வருதுன்னா, வீட்டுலயும் தெருவுலயும் எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க, தென்மாவட்டங்கள்ல பல ஊர்ல அதுதான் வழக்கம், அவன் காதுல கேட்டதை ஒழுங்காதான் எழுதியிருக்கான். அவனுக்கு வேணும்ங்குறது நாக்குப் பயிற்சி. ளகரத்துக்கு நாக்கு வளைஞ்சு போய் மேல தொடும், ழகரத்துக்கு வளைஞ்சு போகும் ஆனா முட்டாது, காத்து நடுவுல போகும், அதை டீச்சர் வாயைத் திறந்து செஞ்சு காட்டணும், அவன் திரும்ப செய்யணும், டீச்சர் காது அந்த வித்தியாசத்தைப் பிடிக்கணும். அதே பையன் "பள்ளி"ன்னு படிக்கிறப்ப சரியா சொல்லிட்டு எழுதுறப்ப மட்டும் "பல்லி"ன்னு எழுதினா அது வேற நோய், காதும் நாக்கும் சரியா இருக்கு, எழுத்து மனசுல பதியல, அதுக்கு பள்ளி, துள்ளி, வெள்ளி, புள்ளின்னு குடும்பமா வார்த்தைகளைக் கண்ணுல காட்டி எழுத வைக்கணும். "விடுமுரை" இன்னும் வேற, இன்னைக்குப் பேச்சுல பல இடத்துல ரகர றகர வித்தியாசம் தேஞ்சே போச்சு, அதனால அங்க ஒலியைச் சொல்லித் திருத்துறதை விட எந்த வார்த்தைக்கு எதுன்னு பழக்குறதுதான் பலன் தரும்.

ஒரே வரில மூணு பிழை, மூணுக்கும் மூணு காரணம், மூணு வைத்தியம். இதைக் கண்டுபிடிக்கிறதுதான் தமிழ் டீச்சரோட வேலை. அமெரிக்க கல்வியாளர் லீ ஷுல்மன் 1986-ல இதைத்தான் தனியா ஒரு அறிவுன்னு பிரிச்சுச் சொன்னார், பாடம் தெரியுறது ஒண்ணு, பொதுவா கற்பிக்கத் தெரியுறது ஒண்ணு, இந்தப் பாடத்துல பிள்ளைங்க எங்க வழுக்குவாங்க, எப்படிச் சொன்னா ஏறும்னு தெரியுறது மூணாவது ஒண்ணு. டெட்ல முதல் ரெண்டும் தனித்தனி பகுதியா இருக்கு. மூணாவதுக்கு ஒண்ணு ரெண்டு கேள்வி வந்தாலும், எழுதி வச்ச நாலு விடைல நல்லதை அடையாளம் காட்டுறது வேற, 40 பிள்ளைங்க முன்னாடி நிக்கிறப்ப அதுவா தோணுறது வேற.

இங்கிலீஷ் பக்கம் இன்னும் மோசம். நம்ம கிராமத்து அரசுப் பள்ளில படிக்கிற பிள்ளைக்கு இங்கிலீஷ் காதுல விழுற ஒரே இடம் அந்த டீச்சரோட வாய்தான், வீட்டுலயும் இல்ல, தெருவுலயும் இல்ல. அப்படி இருக்குறப்ப அந்த டீச்சர் நாலு வாக்கியம் தொடர்ந்து பேசுவாங்களா, புள்ளைங்களுக்குப் புரியுற மாதிரி எளிமையா பேசுவாங்களா, தப்பா பதில் சொன்ன புள்ளையை பயமுறுத்தாம திருத்துவாங்களாங்கறதுதானே முக்கியம்? தேர்வுல வர்றது எதிர்ச்சொல், வினைச்சொல்லோட காலம், பத்தியைப் படிச்சு விடை. இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ் நடத்துற செல்ட்டான்னு ஒரு ஆரம்பநிலை இங்கிலீஷ் டீச்சர் சான்றிதழ் இருக்கு, உலகம் பூரா எடுக்குறாங்க, அதுல 6 மணி நேரம் உண்மையான மாணவர்களுக்குப் பாடம் எடுத்துக் காட்டியே ஆகணும், பயிற்சியாளர் பின்னாடி உக்காந்து குறிப்பு எடுப்பாரு. வெளிநாட்டுக்குப் போற ஒரு சாதாரண ஸ்டூடண்ட் எழுதுற ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வுல கூட 11-ல இருந்து 14 நிமிஷம் நேருக்கு நேர் பேசணும். நம்ம இங்கிலீஷ் டீச்சர் ஒரு நிமிஷம் கூட பேசிக் காட்டாம தகுதிச் சான்றிதழ் வாங்கிடலாம். அவங்களைக் குறை சொல்றதுல அர்த்தமே இல்ல, யாரும் அவங்ககிட்ட கேக்கல.

"லட்சக்கணக்குல எழுதுறாங்க, எல்லார்கிட்டயும் பேசிப் பாக்க முடியுமா"ன்னு கேப்பாங்க. பேசிப் பாக்குறது கஷ்டம்தான், ஆனா எழுத வைக்கிறது முடியாதுன்னு சொல்றதை என்னால ஏத்துக்கவே முடியல, வருஷா வருஷம் பத்தாவது, பிளஸ் டூ விடைத்தாள்களை லட்சக்கணக்குல கேம்ப் போட்டு நம்ம டீச்சர்கள்தானே கையால திருத்துறாங்க. டெட் பாஸ் பண்ணவங்களுக்கு மட்டும் அடுத்த கட்டமா ஒரு பக்கம் எழுத வச்சு, பிழை உள்ள ஒரு மாணவர் கட்டுரையைத் திருத்த வச்சா எண்ணிக்கையும் குறைஞ்சுடும்.

அடுத்து ரொம்ப பேர் கவனிக்காத ஒரு தப்பு: வகுப்புல இருக்குற எல்லாப் பிள்ளைக்கும் தமிழ்தான் தாய்மொழின்னு நினைச்சுக்கிட்டு தமிழ் டீச்சரைத் தேர்ந்தெடுக்குறது. ஓசூர்ப் பக்கம் போய் பாருங்க, வீட்டுல தெலுங்கு, கன்னடம், சில வீட்டுல உருது. திருப்பூர்ல பனியன் கம்பெனி லைன் வீடுகள்ல ஒடியா, இந்தி, பெங்காலி பேசுற பிள்ளைங்க. நீலகிரில படுகர், இருளர் வீட்டுப் பிள்ளைங்க. 2006-ல வந்த தமிழ் கற்றல் சட்டத்துக்கு அப்புறம் எல்லாப் பள்ளிலயும் தமிழ் கட்டாயப் பாடம், அது தேவையான சட்டம், ஆனா அதோட அர்த்தம் என்னன்னா தமிழை ரெண்டாவது மொழியா சொல்லித்தரத் தெரிஞ்ச டீச்சர்கள் நமக்கு வேணும். "கல்"லுக்கு ஒரு ஒலி, "அகல்"ல வர்ற க-வுக்கு வேற ஒலி, "தங்கம்"ல இன்னொரு ஒலி, ஆனா எழுத்து ஒண்ணுதான், நமக்கு அது தானா வருது, ஒடியா பேசுற பிள்ளைக்கு அதைச் சொல்லித்தான் கொடுக்கணும், ஏன்னா அதோட எழுத்துல ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி எழுத்து இருக்கு. டீச்சர் "வந்தாங்க"ன்னு பேசுறாங்க, புத்தகத்துல "வந்தார்கள்"னு இருக்கு, அந்தப் பிள்ளைக்கு ரெண்டும் ரெண்டு மொழி மாதிரி. சீர், தளை, தொடை எல்லாம் தலைகீழா சொல்ற ஒருத்தர் இந்தப் பிள்ளை முன்னாடி என்ன பண்ணுறதுன்னு தெரியாம நிக்கிறதைப் பாத்திருக்கேன், பாவம் அந்த டீச்சருக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்ல, கேள்வித்தாள்ல கேக்கவும் இல்ல. உங்க பள்ளில இப்படிப் பிள்ளைங்க இருந்தா இன்டர்வியூல இந்த ஒரு கேள்வியைக் கேளுங்க: "தமிழே தெரியாத ஒரு பிள்ளை நாலாவதுல புதுசா வந்து சேருது, முதல் வாரம் என்ன பண்ணுவீங்க?" வர்ற பதில்ல நிறைய தெரிஞ்சுடும்.

இதெல்லாம் சொன்னா உடனே சிலர் எதிர்ப்பக்கம் போய் "அப்ப தேர்வே வேண்டாம், நேர்ல பாத்து எடுத்துக்கலாம்"ங்கிறாங்க. இது இதுவரைக்கும் சொன்னதை விட பெரிய தப்பு. ஓ.எம்.ஆர். ஷீட்டுக்கு நம்ம ஊரு, சாதி, யாரு சொந்தக்காரங்க எதுவும் தெரியாது. குடும்பத்துல முதல் ஆளா டிகிரி முடிச்சு, சிபாரிசுக்கு ஆள் இல்லாம, டவுன் லைப்ரரில உக்காந்து படிச்சு வேலைக்கு வந்தவங்க நம்ம பள்ளிகள்ல எத்தனை பேர் இருக்காங்க, அவங்களுக்கு கதவைத் திறந்துவிட்டது அந்த ஷீட்தான். வெறும் இன்டர்வியூன்னு வச்சா என்ன நடக்கும்னு விவரமா சொல்ல வேண்டியதில்ல. அதனால தேர்வு வாசல்ல இருக்கட்டும், அடிப்படை பாட அறிவு இல்லாதவங்களை அது தடுக்கட்டும், உள்ள வந்தவங்கள்ல யார் மொழி சொல்லித்தருவாங்கன்னு பாக்குறதுக்கு வேற வழி வேணும். 2020 தேசிய கல்விக் கொள்கைலயும், அதுல மத்த விஷயங்கள்ல ஆயிரம் சண்டை இருக்கு, ஆனா ஆசிரியர் தேர்வுல வகுப்பு எடுத்துக் காட்டுறதோ நேர்காணலோ இருக்கணும்னு இருக்கு.

ஆனா டெமோ கிளாஸையும் நாம சரியா நடத்துறதில்ல. பிரைவேட் ஸ்கூல்கள்ல வழக்கமா நடக்குறது என்னன்னா, பிரின்சிபால், கரஸ்பாண்டென்ட், ரெண்டு சீனியர் டீச்சர் பெஞ்சுல மாணவர் மாதிரி உக்காந்துக்குவாங்க, வந்தவங்க பத்து நிமிஷம் எடுக்கணும், கலர் சார்ட் இருக்கா, குரல் கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்குதா, சிரிச்ச முகமா இருக்காங்களா. இதுல தெரியுறது மேடைக் கூச்சம் இருக்கா இல்லையாங்கறது மட்டும்தான். நல்லா நாடகம் போடுறவங்க தேறிடுவாங்க, பிள்ளைங்க பேசுறதை நிதானமா காது கொடுத்துக் கேக்குறவங்க அமைதியா தெரிவாங்க, "கொஞ்சம் டல்லா இருக்காங்க"ன்னு எழுதி அனுப்பிடுவாங்க. நல்ல மொழி வகுப்புல டீச்சர் குரலை விட பிள்ளைங்க குரல்தான் அதிகமா கேக்கணும், அதை இந்த டெமோவுல எப்படிப் பாக்க முடியும்?

உண்மையான வகுப்பைக் கொடுங்க. முழு பீரியடு கொடுங்க. ஒரு தடவை பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க, ரெண்டு வேற வகுப்புல, ரெண்டு வேற ஆள் பாக்கட்டும், பாத்தவங்க ஒருத்தர்கிட்ட ஒருத்தர் பேசுறதுக்கு முன்னாடியே தனித்தனியா எழுதி வைக்கட்டும், ஏன்னா ஒரே வகுப்பைப் பாத்துட்டு ரெண்டு பேர் நேர் எதிரா சொல்றது சாதாரணமா நடக்கும், டெட்டை நம்ப முடியாதுன்னு சொல்லிட்டு ஒரே ஒரு பிரின்சிபாலோட கண்ணை மட்டும் நம்புறது என்ன நியாயம். என்ன பாக்கணும்னு முன்னாடியே நாலஞ்சு விஷயம் எழுதி வச்சுக்கோங்க. எத்தனை பிள்ளைங்க வாய் திறந்தாங்க, தப்பான பதில் வந்தப்ப டீச்சர் என்ன பண்ணாங்க, கேள்வி கேட்டுட்டு பிள்ளை யோசிக்க நேரம் விட்டாங்களா இல்ல அவங்களே பதிலைச் சொல்லிட்டாங்களா, கரும்பலகைல எழுதினதுல பிழை இருந்துச்சா. வகுப்பு நடத்துறதோட சேத்து ரெண்டு சின்ன வேலை கொடுங்க: முன்கூட்டிப் பாக்காத ஒரு பத்தியை சத்தமா படிக்கச் சொல்லுங்க, அப்புறம் உங்க பள்ளிப் பிள்ளைங்களோட கட்டுரை நோட்டு அஞ்சைப் பேர் மறைச்சுக் கொடுத்து திருத்தச் சொல்லுங்க. அந்த அஞ்சு நோட்டுல ஒருத்தர் 20 இடத்துல சிவப்பு வட்டம் போட்டுட்டு "இன்னும் முயற்சி தேவை"ன்னு எழுதுவாரு, இன்னொருத்தர் அந்தப் பிள்ளைக்கு இப்ப முக்கியமான ஒரு பிழையை மட்டும் எடுத்து, நல்லா எழுதின ஒரு வரியைக் கோடு போட்டுக் காட்டி, அடுத்து என்ன பண்ணணும்னு ஒரு வரி எழுதுவாரு. டெட்ல ரெண்டு பேரும் ஒரே மார்க் வாங்கியிருக்கலாம்.

தேர்வுக்குப் படிக்கிற தம்பி தங்கச்சிங்களுக்கும் கொஞ்சம் சொல்லணும். கோச்சிங் சென்டர் மெட்டீரியலை மட்டுமே பிடிச்சுக்கிட்டு வருஷக்கணக்குல இருக்காதீங்க. பாஸ் பண்ணுறதுக்கு அது வேணும், படிங்க, ஆனா நூலும் ஆசிரியரும் பொருத்துகன்னு மனப்பாடம் பண்ணி பண்ணி மொழி மேல இருந்த ஆசையே வத்திப் போனவங்களை நிறைய பாக்குறேன். தினமும் ஒரு பத்தி சத்தமா படிச்சு போன்ல ரெக்கார்டு பண்ணிக் கேளுங்க, ல-ள-ழ எங்க சறுக்குதுன்னு நீங்களே பிடிச்சுடலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க நோட்டை வாங்கிப் பாருங்க, ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்தா ஏன் வருதுன்னு யோசிங்க. ரெண்டு மூணு மார்க்ல போச்சுன்னா, மேல போட்ட அந்தக் கணக்கை நினைச்சுக்கோங்க, அது உங்க திறமைக்குக் கிடைச்ச தீர்ப்பு கிடையாது, அடுத்த தடவை பகுதி வாரியா எங்க விட்டீங்கன்னு பாருங்க, தமிழ்க்காரங்க பெரும்பாலும் அந்த சமூக அறிவியல் 60-லதான் விடுறாங்க. பாஸ் ஆனவங்களுக்கும் ஒண்ணு, சான்றிதழ் இப்ப ஆயுள் முழுக்க செல்லும் (முன்னாடி 7 வருஷம்தான், 2021-ல மாத்தினாங்க), ஆனா அன்னைக்கு ஷேட் பண்ணினது மட்டும் ஆயுள் முழுக்க வகுப்பறைல போதாது.

வருஷக்கணக்கா பாடம் எடுத்துட்டு இப்ப தீர்ப்பால எழுத வேண்டி வந்திருக்குற சீனியர் தமிழ் ஐயாக்களையும் அம்மாக்களையும் பத்தி பேசுறப்ப கொஞ்சம் வாயை அடக்கிப் பேசுங்க. அவங்க இப்ப எழுதுறதுல பெரும்பங்கு அவங்க வாழ்க்கைல எடுக்காத பாடம். அதுல ஒருத்தர் தவறிட்டா இத்தனை வருஷம் அவர் சொல்லித்தந்த தமிழ் பொய்யாகிடாது. "அப்ப இவ்வளவு நாளா என்னத்த சொல்லிக் கொடுத்தாரு"ன்னு பேரண்ட்ஸ் கேக்குறதைக் கேக்குறப்ப மனசு ரொம்ப வலிக்குது.

கடைசியா, புது டீச்சர் சேர்ந்த முதல் வருஷத்துல நடக்குற ஒரு தப்பு. தேர்வு பாஸ், வேலை கொடுத்தாச்சு, இனி எல்லாம் தானா நடக்கும்னு விட்டுடுறோம். ஆறாவதுல நாலு செக்‌ஷன், கூட லைப்ரரி, ஆண்டு விழா, வினாடி வினா, எல்லாம் அந்தப் புதுப் பொண்ணு தலைலதான். ஆனா டீச்சர்ங்க வேகமா வளர்றது முதல் சில வருஷத்துலதான், அந்த நேரத்துலதான் பக்கத்துல ஒரு ஆள் வேணும். மாசம் ஒரு தடவை ஒரு சீனியர் அவங்க வகுப்புல போய் உக்காரட்டும், அவங்களும் சீனியர் வகுப்புல போய் உக்காரட்டும், அதுக்கு டைம்டேபிள்ல ஒரு பீரியடு ஒதுக்குங்க, இல்லன்னா சப்ஸ்டிடியூஷன்ல அந்த பீரியடு போயிடும். வகுப்பு முடிஞ்சதும் "நல்லா இருந்துச்சு டீச்சர்"னு சொல்லிட்டு எழுந்து போகாம, "இன்னைக்கு யாருக்குப் புரியல, எப்படித் தெரிஞ்சுக்கிட்டீங்க"ன்னு மட்டும் கேளுங்க. முதல் மாசம் "எல்லாருக்கும் புரிஞ்சுது சார்"னு பதில் வரும். மூணு நாலு மாசம் கழிச்சு "மூணாவது பெஞ்சு ஓரத்துல உக்காந்திருக்குற பையனுக்கு படிக்க வருது சார், ஆனா படிச்சதை அவன் வார்த்தைல சொல்லச் சொன்னா புத்தக வரியை அப்படியே ஒப்பிக்கிறான், நாளைக்கு அவனை மட்டும் படம் காட்டி பேச வைக்கப் போறேன்"னு பதில் வந்தா, அந்த டீச்சரோட டெட் மார்க் என்னன்னு அதுக்கப்புறம் ஃபைலைத் திறந்து பாக்கவே தோணாது.